பதினான்கு கட்டில், ஒரு இடது கை

போன மாதம் செல்வி எனக்குப் போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இப்போது அவள்தான் மூத்த பணிப்பெண்.

“மிசி, கிருமித் தடுப்புப் பரீட்சை எழுதிட்டேன். ஃபுல் மார்க்கு!”

“எங்க எழுதுன?”

“போன்லதான் மிசி. இப்ப எல்லாம் போன்லதான்.”

“எப்ப எழுதுன?”

“வீட்ல வெங்காயம் உரிச்சிக்கிட்டே எழுதிட்டேன்.”

பத்துக் கேள்வியாம். கை கழுவ எத்தனை வினாடி, கையுறையை எப்போது மாற்றுவது என்று கேட்பார்களாம். சரியான விடையைத் தொட்டால் பச்சை, தப்பைத் தொட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் பரவாயில்லை, பச்சை வரும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாம். முடிந்ததும் பூப்போட்ட சான்றிதழ்.

“வெங்காயக் கையோடவா போனைத் தொட்ட?”

“ஆமா மிசி.”

“அதே கையால கண்ணைத் தொடச்சிருப்பியே?”

“ஆமா மிசி. என்னா எரிச்சல் தெரியுமா!”

இவளுக்கு முழு மதிப்பெண். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டில் இருந்தவர்களை எல்லாம் திட்டினேன். கோபம் தீரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. திட்ட வரும். எழுத்தில் திட்டு கலந்திருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்க முடியாதவர்கள் போய்க் கையைக் கழுவிவிட்டு வரவும்.

கேமரன் மலையில் நர்ஸுக்கு மிசி என்றுதான் பெயர். நான் பெற்ற பிள்ளைகளே என்னைக் கோபத்தில் மிசி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். படித்தது ஈப்போவில். மூன்று வருடத்தில் கட்டில் விரிக்கவும், மலச் சட்டி எடுக்கவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். எங்கள் மேட்ரன் கட்டில் காலின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். தூசி இருந்தால் அந்த விரலை நம் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன் பிறகு அரசாங்க மருத்துவமனைகள், தோட்டத்து மருந்தகம் என்று காலம் போனது. ஓய்வு வயதுக்குக் கொஞ்சம் முன்னால் இந்த இல்லத்துக்கு வந்தேன்.

ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம் அது. ஒரே நீளக் கூடம். பதினான்கு கட்டில். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் ஒரு திரை. படுத்திருந்தவர்கள் எல்லாரும் தோட்டத்திலோ தோட்டத்தை நம்பியோ உழைத்து ஓய்ந்தவர்கள். பணிப்பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள். வேகமான கை, நல்ல மனசு. கிருமி என்றால் என்னவென்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கிருமித் தடுப்புப் பயிற்சி கொடுக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

எடுத்தவர் மேனேஜர் தங்கராஜு. தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். கணக்கும் கட்டளையும் பார்த்த அந்த எழுத்தர் வேலையை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று எழுதாது. எதைக் கேட்டாலும் “மேனேஜ்மென்ட் யோசிக்கும்” என்பார். அந்த மேனேஜ்மென்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. ஐந்து பேருக்கு விசில் ஊதுவார். மூக்கு இடிக்கும் தூரத்தில் நிற்கிற செல்வியைப் பார்த்து, பக்கத்து மலைக்குக் கேட்கிற மாதிரி “செல்வி!” என்று கத்துவார். அவளும் “இருக்கேன் சார்!” என்று கத்துவாள். பெரட்டு முடிந்ததும் பித்தளைச் சம்புடத்தில் திருநீற்றை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். இடது கையால் கண்ணை மறைப்பார், வலது கையால் நெற்றியில் பூசுவார், உதிர்ந்ததை மெல்ல ஊதிவிடுவார். “ராத்திரி தூங்குனீங்களா? பசியாறியாச்சா?” என்று ஆளுக்கு ஒரு கேள்வி. கடைசியாக எனக்கும் பூசுவார். நானும் குனிந்து வாங்கிக்கொள்வேன். அவரோடு எனக்குச் சண்டையில்லாத நேரம் அது ஒன்றுதான்.

முதல் வாரமே சண்டை ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பின்பக்கம் போனேன். துணி காயும் கொடியில் வரிசையாகக் கையுறைகள். தூக்கி எறிய வேண்டிய ரப்பர் கையுறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். காற்றில் ஆடிக்கொண்டு எனக்கு டாட்டா காட்டின.

“யார் வேலை இது?”

“நான்தான் மிசி,” என்றாள் செல்வி. பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். “சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். ஒண்ணுகூட கிழியல.”

“கட்டிலுக்குக் கட்டில் மாத்துனியா?”

“எதுக்கு மாத்தணும்? என் கை சுத்தமாத்தான் இருக்கு. இந்தா பாருங்க.”

கழற்றிக் காட்டினாள். உண்மைதான். அந்தக் கையால் அறுவை சிகிச்சையே செய்யலாம், அவ்வளவு சுத்தம். கையுறைக்கு வெளியேதான் பதினான்கு பேருடைய எல்லாமும் இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கும்போது தன் கையைக் காப்பாற்றத்தான் இவர்கள் கையுறை போட்டார்கள். வேலை முடிந்ததும் கழுவிக் காயப்போடுவதுதான் அங்கே ஒழுங்கான ஆளுக்கு அடையாளம். இங்கேயும் கிழவர்களைப் பூச்சி மருந்தாக நினைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள்.

“கிளவுஸ் உனக்காக இல்லடி! அடுத்த கட்டில்ல படுத்திருக்காரே, அவருக்காக!”

“அவருக்குன்னா அவருக்கே போட்டு விடலாமே மிசி?”

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்தது கை கழுவல். பயிற்சிக்கு என்று ஒரு பெட்டி வந்திருந்தது. அதில் ஒரு வெள்ளைப் பொடியும் கையடக்க ஊதா விளக்கும் இருந்தன. பொடியைக் கையில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. கழுவிவிட்டு, இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால், கழுவாத இடம் பச்சையாக மின்னும். ஐந்து பேரையும் கழுவச் சொல்லி விளக்கைப் பிடித்தேன். ஐந்து பேருக்கும் இரண்டு கட்டை விரலும் ஜொலித்தன. இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். கழுவும்போது அதைத்தான் மறந்தார்கள்.

அவர்கள்மேல் மட்டும் தப்புச் சொல்ல மாட்டேன். மலையில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீரை நீங்கள் தொட்டதில்லை. எலும்பு வலிக்கும். கை கழுவும் இடத்தில் ஒரு வெந்நீர்க் கருவி வையுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். மேனேஜ்மென்ட் யோசித்தது. இரண்டு வருடம் யோசித்தது.

வெந்நீர் இல்லாததால் நான் வேறு ஏற்பாடு செய்தேன். அதன் பெயர் பெருமாயி.

பெருமாயி எண்பதைத் தாண்டியவர். நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றி, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும். ஆனால் காது பேய்க் காது. அவர் கட்டில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். குழாயைத் திறந்து சும்மா தண்ணீர் விட்டால் ஒரு சத்தம். கையைத் தேய்த்தால் வேறு சத்தம். படுத்தபடியே எண்ணுவார்.

“செல்வி, ஒம்போதுதான் ஆச்சு.”

“கழுவிட்டேன் பாட்டி!”

“பைப்பக் கழுவுன. கையைக் கழுவல. மறுபடி போ.”

இப்படி ஒரு ஆய்வாளர் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கிடையாது. பெருமாயி இருபது சொல்லும்வரை யாரும் தொட்டியை விட்டு நகரக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன்.

பெருமாயிக்கு ஓர் ஆசை இருந்தது. பேரப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவோ, கோயில் கோபுரத்தைப் பார்க்கவோ இல்லை. அவருடைய பிஸ்கட் டின்னிலிருந்து யாரோ பிஸ்கட் திருடுகிறார்கள். பக்கத்துக் கட்டில் அன்னக்கிளிமேல் சந்தேகம். “கண்ணு மட்டும் வரட்டும் மிசி. அவ மொகத்தை ஒரு தடவை பாத்தாப் போதும். நான் சொல்லிருவேன்” என்பார்.

வலது கண்ணுக்கு ஈப்போவில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. அன்றைக்கு இருமல் வந்து நாள் போனது. மறுபடி காத்திருந்து இன்னொரு நாள் கிடைத்தது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒன்றாம் கட்டில் முனியாண்டி அண்ணன் கண் சிவந்து எழுந்தார்.

கண் நோய். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அது பொய். தொட்டால்தான் ஒட்டும். நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ஆளுக்கொரு துவாலை, ஆளுக்கொரு சொட்டு மருந்து, கட்டிலுக்குக் கட்டில் புதுக் கையுறை. கட்டில் கம்பி, கதவுப் பிடி எல்லாவற்றையும் துடைக்க வைத்தேன். பெருமாயியைத் தூக்கிக்கொண்டு போய், டயப்பர் பெட்டிகள் அடுக்கிய சாமான் அறையில் தனியாகப் போட்டேன்.

“என்னைய ஏன் கிடங்குல போடுற?”

“உங்க கண்ணுக்காகத்தான் பெரிம்மா.”

“இங்கருந்து பைப்பு சத்தம் சரியாக் கேக்கல. கதவைத் தொறந்து வை.”

நான் ஈப்போவுக்குப் போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ் தெளிவாகச் சொன்னார். பெருமாயிக்கு வரக் கூடாது. அது மட்டும் போதாது, சிகிச்சைக்கு முந்தைய ஒரு வாரம் இல்லத்தில் புதிதாக ஒருவருக்கும் வந்திருக்கக் கூடாது. வந்தால் அனுப்ப வேண்டாம். அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். “சொல்ல முடியாதுங்க” என்றார். எண்பது வயதுக்காரியிடம் போய் நான் இதை எப்படிச் சொல்வது?

நோய் நிற்கவில்லை. இரண்டாம் கட்டில், மூன்றாம் கட்டில், திரையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நாளில் பதினோரு பேருக்குச் சிவந்துவிட்டது. நான் செல்வியைத் திட்டினேன். அவள்தான் கண்ணுக்கு மருந்து விடுகிறவள். அவள் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விளக்கு வைத்துப் பார்த்தேன். கட்டை விரல்கூடச் சுத்தம். ஆனாலும் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

“நான் ஒண்ணும் செய்யல மிசி,” என்று அழுதாள்.

“நீ ஒண்ணும் செய்யலன்னா கண்ணு தானா செவக்குதா?”

சிவக்காதவர்கள் மூன்று பேர். பெருமாயி, பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய், மாதா படத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கும் மேரியம்மா. பாய் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“மிசி, எனக்கும் மேரிக்கும் மட்டும் வரலயே, ஏன்?”

“நீங்க புண்ணியம் செஞ்சவங்க. சும்மா படுங்க பாய்.”

முனியாண்டி அண்ணன் இதைக் கேட்டுவிட்டார். “அப்ப நாங்க பாவம் செஞ்சவங்களா மிசி? இவரு கடையில போட்ட சாம்பாருல பருப்பே இருக்காது. இவருக்குப் புண்ணியமா லா?”

“பருப்பு இல்லாத சாம்பாரத்தானே நாலு தடவ கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டீங்க முனியாண்டி?”

எந்தச் சாமி பெரிது என்கிற அளவுக்குக் கூடம் சூடாகிவிட்டது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் திட்டி அடக்கினேன். பாய் என் மூக்குக்கு நேராக விடையை நீட்டியிருந்தார். முப்பத்தாறு வருட நர்ஸ் மண்டையில் அது ஏறவில்லை.

சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று விடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். முனியாண்டி அண்ணனுக்குக் கண் ஆறிவிட்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் அவருடைய புருவத்தில் பயிற்சிப் பொடியை விரலால் தடவினேன். எந்தப் பணிப்பெண் அவரைத் தொட்டு அடுத்தவரைத் தொடுகிறாள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

“என்னா மிசி, பவுடர்லாம் போடுற? பொண்ணு பாக்கப் போறமா?”

“வாயை மூடிக்கிட்டுப் படுங்கண்ணே.”

பெரட்டு நடந்தது. பசியாறல் நடந்தது. ஒன்பது மணிக்கு எல்லாச் சன்னல் திரையையும் இழுத்து மூடச் சொன்னேன். ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஐந்து பேருடைய கையையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. செல்வி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு கட்டில்களுக்குப் போனேன். இரண்டாம் கட்டில் தாத்தாவுக்குப் புருவமும் இமையும் பச்சையாக மின்னின. மூன்றாவதுக்கும். நான்காவதுக்குக் கொஞ்சம் மங்கல். திரையைத் தாண்டினேன். அன்னக்கிளி புருவமும் மின்னியது, பல்செட்டும் மின்னியது. பல்செட் எப்போதும் மின்னும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. காதர் பாய் முகம் இருட்டு. மேரியம்மா முகம் இருட்டு. சாமான் அறைக்கு ஓடினேன். பெருமாயி நெற்றியில் மட்டும் லேசாக மூன்று பச்சைக் கோடு. புருவத்திலும் இமையிலும் ஒன்றும் இல்லை.

மூன்று கோடு!

நான் அங்கேயே ஒரு டயப்பர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“பெரிம்மா, திருநீறு பூசும்போது உங்க கண்ணை யாரு மறைக்கிறா?”

“நான்தான். என் கண்ணுல கண்டவன் கையை வைக்க விடுவேனா? இருக்கிறது ஒண்ணு. கிராணி கையை நீட்டுவாரு. நான் தட்டி விட்டுருவேன்.”

நான் திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது, எதற்குத் திரை மூடியிருக்கிறது என்று பார்க்க மேனேஜரும் வந்து நின்றார். அவர்மேல் விளக்கைக் காட்டினேன். சட்டை முழுக்க ஜொலித்தது. அது சலவைத் தூள். பையில் இருந்த மூன்று பேனாவும் பச்சை. மூக்கு நுனி பச்சை. இடது உள்ளங்கை மத்தாப்பு.

“என்னா இது மிசி?”

“முனியாண்டி அண்ணனோட புருவம் சார். உங்க கையில இருக்கு.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் குரல் உயர்ந்தது.

“சாமி திருநீத்துல கிருமின்னு சொல்ல வர்றீங்களா?”

“திருநீத்த நான் ஒண்ணும் சொல்லல. உங்க இடது கையைச் சொல்றேன்.”

“கண்ணுல விழக் கூடாதுன்னுதானே மறைக்கிறேன்!”

“ஆமா சார். ஒரு துளி திருநீறு கண்ணுல விழாம, பதினோரு பேர் கண்ணைச் செவக்க வச்சிட்டீங்க.”

இருட்டில் முனியாண்டி அண்ணன் குரல் வந்தது. “தோட்டத்துலதான் கிராணி எங்களை வரிசையா நிக்க வச்சீங்க. கண்ணு நோவையும் வரிசையாவா குடுப்பீங்க?”

கூடமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. நானும் வெற்றிக் களிப்பில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது செல்வி என் கையிலிருந்து விளக்கை வாங்கினாள்.

“மிசி, கொஞ்சம் அப்படியே நில்லுங்க.”

என் மூக்குக் கண்ணாடியின் இரண்டு வில்லையும் பச்சை. எனக்கு நோய் வராததற்குக் காரணம் என் படிப்பு இல்லை, அந்தக் கண்ணாடி. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் வரமாட்டார். அன்றைக்கு அதே சம்புடத்தை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி இடது கையால் கண்ணை மறைத்துப் பூசியது நான். கை கழுவ ஐந்து நேரங்களைப் படம் போட்டுச் சுவரில் ஒட்டியவளும் நான்தான். நோயாளியைத் தொடுமுன், தொட்ட பின் என்று அதில் எழுதியிருந்தேன். திருநீறு பூசுவது தொடுவது என்று எனக்கே தோன்றவில்லை. அது சாமி காரியம். வேலைக் கணக்கில் வராது.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி, உன்மேல தப்பில்ல. போய் வேலையைப் பாரு” என்றேன். என் வாழ்க்கையில் அதற்குமேல் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். நாளையிலிருந்து இது கூடாது என்று சொல்லத்தான் போனேன். அவர் நாற்காலியில் இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மிசி, இங்க இருக்கிறவங்க மொகத்தை வேற யாரு தொடுறா? நீங்க தொட்டாக் காய்ச்சல் பாக்க. செல்வி தொட்டா எச்சி தொடைக்க. புள்ளைங்க வந்தாக் கட்டில் காலைத் தொட்டுட்டுப் போறானுங்க.”

  இது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. மேசைமேல் இருந்த சம்புடத்தைக் கையில் எடுத்தேன். பிறகு சொன்னேன்: “பூசுங்க. ஆனா நான் சொல்ற மாதிரி.”

நான் சொன்னது இதுதான். சம்புடம் அலமாரிக்குப் போகட்டும். ஆளுக்கொரு சின்னத் தாள் பொட்டலம், மேலே பெயர் எழுதி. ஒவ்வொரு நெற்றிக்கு முன்னும் கை கழுவ வேண்டும். வலது கை மட்டும். இடது கை முதுகுக்குப் பின்னால். ஊதக் கூடாது. கண்ணை அவர்களே மூடிக்கொள்வார்கள், எண்பது வயதானவருக்குக் கண் மூடத் தெரியும்.

மறுநாள் ஆறரைக்கு விசில் ஊதினார். ஐந்து பெயரையும் கூப்பிட்டார். பிறகு நோட்டைப் பார்த்துக்கொண்டே “தங்கராஜு!” என்று கத்தினார். “இருக்கேன்!” என்று அவரே பதில் சொன்னார். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் செல்விக்குப் பக்கத்தில் வரிசையில் போய் நின்று கையை நீட்டினார். பொடியைத் தடவிக் கழுவ விட்டேன். சாமான் அறையிலிருந்து குரல் வந்தது.

“கிராணி, பதினொண்ணுதான் ஆச்சு.”

“கழுவிட்டேன் பெருமாயி.”

“கேக்குதுல்ல எனக்கு. இன்னும் ஒம்போது. தேய்ங்க.”

தேய்த்தார். விளக்கைக் காட்டினேன். இரண்டு கட்டை விரலும் மின்னின. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

பாயையும் மேரியம்மாவையும் விட்டுப் பன்னிரண்டு நெற்றி. பன்னிரண்டு கழுவல். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. இடது கை இரண்டு தடவை முன்னால் வந்தது. நான் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கட்டிலில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை.

“கிராணி கை என்னா ஐஸ் கட்டியா?”

“நெத்தியில தவளை உக்காந்த மாதிரி இருக்கு லா.”

இரண்டாம் நாள் அவர் விரல்கள் கியா பார்ம் தோட்டத்து ஸ்ட்ராபெரி நிறத்துக்கு வந்தன. மூன்றாம் நாள் எட்டாவது கழுவலில், குழாயைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். “மிசி, இந்தத் தண்ணியிலயா இத்தன நாளும் கழுவுனாங்க?” என்று கேட்டார்.  நான்காம் நாள் பிரிஞ்சாங்கிலிருந்து ஓர் ஆள் வெந்நீர்க் கருவியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து பொருத்திவிட்டுப் போனான். இரண்டு வருடம் யோசித்த மேனேஜ்மென்ட் மூன்றே நாளில் முடிவெடுத்தது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் நான் பதினான்கு ஜோடிக் கண்ணையும் பார்த்தேன். முதல் நாள் இல்லை. மூன்றாம் நாள் மேரியம்மா கண் சிவந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கேட்டால், மகன் போன் செய்யவில்லை என்று அழுதாராம். அழுவதாக இருந்தால் என்னிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு அழ வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மத்தியானம் வெளுத்துவிட்டது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். புதிதாக ஒருவருக்கும் இல்லை. ஈப்போவுக்குப் போன் செய்து சொன்னேன். “கூட்டிட்டு வாங்க” என்றார் அந்த நர்ஸ். போனை வைத்ததும் நான் அழுதேன் என்று செல்வி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஜலதோஷம்.

பெருமாயியை மேனேஜரே தன் காடியை ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே கண்ணில் மூடி போட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் காலை, கூடத்தில் அவருடைய பழைய கட்டிலில் வைத்து நான் மூடியை எடுத்தேன். கூடமே எட்டிப் பார்த்தது. பெருமாயி கண்ணைச் சிமிட்டினார். முதலில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

“அன்னக்கிளி. தின்னது நீதான்.”

“இத்தன வருசம் கழிச்சுக் கண்டுபுடிச்சிட்டாளாம்,” என்றார் அன்னக்கிளி. “நீதானே ராவெல்லாம் பிஸ்கட் டின்னத் தொறந்து வச்சிட்டுத் தூங்குவ?”

பிறகு பெருமாயி என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழே வர அதிக நேரம் ஆகவில்லை.

“நீயா மிசி? இம்புட்டுக் குள்ளமா? அந்தக் குரலுக்கு நான் ஒரு ஆறடி வச்சிருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் தப்பாகப் போனது. சொட்டு மருந்தை விட்டேன். ஒரு துளி கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைக்க என் இடது கை தானாகப் போய் அந்தப் புருவத்தின்மேல், புதுக் கண்ணை மறைக்கிற மாதிரி, குவிந்து இறங்கியது. அந்தக் கையால் நான் ஒரு நிமிடத்துக்கு முன்னால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன்.

மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. பெருமாயியின் கொழுந்து கிள்ளிய விரல்கள். விடவில்லை.

“இந்தக் கை எங்க வருது?”

 எனக்குப் பின்னால் செல்வி நின்றாள். கிராணி நின்றார். முனியாண்டி அண்ணன் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“போ மிசி. நான் எண்ணுறேன். இனிமே பாத்துக்கிட்டே எண்ணுவேன்.”

போனேன். தொட்டியில் நின்று கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தேன். பெருமாயி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். ஐந்து வந்தபோது கூடம் முழுக்கச் சேர்ந்து எண்ணியது. மேனேஜ்மென்டும் எண்ணியது. குழாயில் வெந்நீர் வந்துகொண்டிருந்தது.